ராக்கில் பச்சைச் சரக்கு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் எந்தப் பட்டறையின் சிபியுவைத் திறந்தாலும் மதர்போர்டுக்கு முன்னால் கண்ணில் படுவது வெள்ளைப் பொடிதான். களிமண்ணும் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் அரைபடும் இடத்தில் அது நுழையாத இடுக்கு கிடையாது. வைஃபை கார்டு போடப் போகும்போது என் பையில் ஸ்க்ரூ டிரைவருக்கு முன்னால் பெயின்ட் பிரஷும் புளோவரும் ஏறிவிடும். ஸ்லாட்டின் பள்ளத்தில் பொடி இருக்கும்போதே கார்டை அழுத்தினால் முனைகள் சரியாகப் பதியாது. அன்றைக்கு வேலை செய்யும். ஈரக்காற்று அடிக்கிற மாதத்தில் திடீரென்று காணாமல் போகும்.

கம்பி இழுக்க முடிந்தால் கம்பியே போடுங்கள் என்றுதான் யாரிடமும் சொல்வேன். நான் சொல்லவரும் பட்டறையில் அதற்கு வழியில்லை. ரௌட்டர் முன்பக்க விற்பனை அறையில். கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டர் பின்கட்டில். நடுவே தள்ளுவண்டிப் பாதை, மண் பிசையும் பக்மில், போதாததற்கு எலி. 2018 ஏப்ரலில் இ-வே பில் வந்ததிலிருந்து, ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஃபியூஸ் கட்டை ஏற்றிய லாரி வெளிமாநிலம் கிளம்ப வேண்டுமென்றால் பின்கட்டில் நெட் வந்தாக வேண்டும்.

கார்டு போடுவது கால் மணி நேர வேலை. கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, கார்டை ஓரத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் ஒரே சீராக அழுத்தி, ஸ்க்ரூ போட வேண்டும். ஆன்டெனாவை விரலால் திருகினால் போதும், பிளையர் கூடாது. டிரைவரை முன்கூட்டியே பென்டிரைவில் எடுத்துப் போவது நல்லது. மறந்துவிட்டால் போனை யூஎஸ்பி வயரில் இணைத்து, போனின் நெட்டிலேயே டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

ஆன்டெனா விஷயத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். டார்ச் அடிப்பதுபோல் அதன் நுனியை ரௌட்டரை நோக்கித் திருப்பி வைக்கிறார்கள். அந்தக் குச்சியின் அலை பக்கவாட்டில் விரியும். நுனி பார்க்கிற திசையில்தான் மிகவும் குறைவு. ரௌட்டரும் கம்ப்யூட்டரும் ஒரே தளத்தில் இருந்தால் செங்குத்தாக நிறுத்துவதே சரி. கேபினெட்டின் முதுகில், சுவருக்கும் இரும்புக்கும் நடுவே அது மாட்டிக்கொண்டிருப்பதும் கெடுதல்.

ஜூன் மாதம் அந்தப் பட்டறையில் கார்டு போட்டேன். சிபியு மேல் போனை வைத்து சிக்னலை அளந்தபோது மைனஸ் 58 டிபிஎம். மைனஸ் 67 வரைக்கும் கவலையில்லை. 58 நல்ல அளவு. ஆவணியில் போன் வந்தது: "தம்பி, நெட்டு நிக்கவே மாட்டேங்குது, லோடு காத்துக்கிட்டு இருக்கு." போய் அளந்தால் மைனஸ் 81. பத்து டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்கு பலம்தான் மிஞ்சும். இங்கே இருபதுக்கு மேல் போயிருந்தது. டிரைவரை மாற்றினேன். சேனலை 1-லிருந்து 11-க்கு மாற்றினேன். புதுக் கார்டே போட்டுப் பார்த்தேன். எண் அசையவில்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் சூளைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நவராத்திரிக்கான கொலு பொம்மைகள். நடுக்கூடத்து ராக்குகள் காலியாகக் காலியாக, கையிலிருந்த போனில் எண் ஏறிக்கொண்டே வந்தது: 76, 70, 63. அங்கேயே நின்றுவிட்டேன். ஜூனில் அந்த ராக்குகளில் இருந்தது சுட்ட சரக்கு. ஆவணியில் தரையிலிருந்து தலைக்கு மேல் வரை பச்சை பொம்மைகளும், ஈரம் குடித்த பிளாஸ்டர் அச்சுகளும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கும் தண்ணீருக்கும் ஆகாது. சுட்ட பீங்கானின் மின்கடவா மாறிலி ஆறை ஒட்டியது, அலையை அது தின்பதும் சொற்பம். தண்ணீருக்கோ அந்த மாறிலி ஏறக்குறைய 80. மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சூடாக்குவதும் இதே அலையைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்வதால்தான். நான் தேடிய பழுது கம்ப்யூட்டரிலேயே இல்லை. ஊரின் தொழில் அலையின் பாதையில் ஈரத்தோடு அடுக்கியிருந்தது. ஐந்து கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

மேசைக்கடியில் கிடந்த ரௌட்டரைச் சுவரில் பத்தடி உயரத்தில், ராக்கின் தலைக்கு மேல் மாட்டினேன். கூரை ஆஸ்பெஸ்டாஸ், தகரம் இல்லாதது நல்லதாயிற்று. கார்டின் இரண்டு ஆன்டெனாவையும் காந்த அடியோடு வயரில் நீட்டி பீரோ மேல் நிறுத்தினேன். வயரை ஒரு மீட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மெல்லிய வயரே அலையைக் குடித்துவிடும். கார்த்திகைக்காகப் பச்சை அகல் விளக்குகளால் ராக்குகள் நிரம்பிய நாளில் போய் அளந்தேன். மைனஸ் 64. அன்று முதல் எந்தப் பட்டறையிலும் ராக்கில் பச்சையா சுட்டதா என்று கேட்டு, எண்ணோடு சேர்த்து நோட்டில் எழுதுகிறேன்.

கழற்றிய கார்டைச் சூளை மேஸ்திரி கையில் வாங்கிப் பார்த்தார். எள் போன்ற பழுப்புத் துணுக்குகளைக் காட்டி, "இதுவும் பீங்கான்தான் ஐயா" என்றேன். கெபாசிட்டர்கள். பேரியம் டைட்டனேட் பொடியை மெல்லிய ஏடுகளாக்கி, உலோகப் பூச்சோடு அடுக்கடுக்காகச் சேர்த்து, துண்டு போட்டுச் சுடுவது. பக்கத்துத் தகர மூடிக்குள் ஒரு குவார்ட்ஸ் சீவல் அதிர்ந்து கார்டுக்குத் தாளம் கொடுக்கிறது.

"எத்தனை டிகிரி?"

"ஆயிரத்துக்கு மேல."

வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். "சுட்டா சுருங்குமே தம்பி. இவ்வளவு பொடிசுல அளவு எப்படி நிக்குது?"

தேடிப் படித்துவிட்டு அடுத்த முறை போனபோது சொன்னேன்: சுருங்குவதைக் கணக்கிட்டு, பச்சையாக இருக்கும்போதே பெரிதாக வெட்டிவிடுகிறார்கள்.

"நாங்களும் அச்சை அப்படித்தான் எடுக்கறோம்" என்று சொல்லிவிட்டு, கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன்.