முடக்கத்தான் தோசையும் சனிக்கிழமை மாத்திரையும்

கதிர்காமத்துல இருக்கிற எங்க அம்மாவுக்கு ஏழு வருஷமா முடக்குவாதம். "குடல் சுத்தமானா மூட்டு தானா சரியாகும்"னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு புளி, கத்தரிக்காய், தயிர் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. நிறுத்தட்டும். கூடவே வாராவாரம் போடுற மெத்தோட்ரெக்ஸேட்டையும் நிறுத்தினதுதான் வில்லங்கம். ரெண்டே மாசத்துல காபி டம்ளரைப் பிடிக்க முடியல.

அக்காவைத் திட்டலாம்னா, குடல் கதை முழுப் பொய்யும் இல்லைங்க. புதுசா இந்த நோய் வந்தவங்க குடல்ல ஒருவகை பாக்டீரியா அதிகமா இருக்குன்னு 2013ல நியூயார்க்ல கண்டாங்க. அதுதான் காரணமான்னு முடிவாகலை. கோயமுத்தூர்ல 43 பேரை வெச்சு ஆயுர்வேதத்தையும் மெத்தோட்ரெக்ஸேட்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2011ல வந்துச்சு. பலன் ஏறக்குறைய சமம்தான், ஆனா ரொம்பச் சின்ன ஆய்வு. அதுவும் டாக்டருங்க கண்காணிப்புல!

இப்போ சனிக்கிழமை மாத்திரை திரும்ப வந்தாச்சு. முடக்கத்தான் தோசை அவங்க ஆசைக்கு. புளிக்குழம்பு எனக்கு. வலது கை நடுவிரல் மட்டும் இன்னும் மடங்கல.