பேத்திக்கு என்ன கொடுப்பது?

சித்திரைத் திருவிழா முடிந்து பள்ளிக்கூடங்களும் பூட்டிவிட்டால், எங்கள் தெருவில் யார் யார் வீட்டுக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று விசாரிக்கவே வேண்டியதில்லை. காலை நடைக்கு வருகிற பெரியவர்களின் கைப்பையைப் பார்த்தால் போதும். இரண்டு பால் பாக்கெட் வாங்குகிறவர் நான்கு வாங்குவார். நுங்கு, மாம்பழம் என்று பை கனக்கும். மறுநாள் அவரே கடைவீதியில் பொம்மைக் கடை வாசலில் விழித்துக்கொண்டு நிற்பார்.

விழிப்பதற்குக் காரணம் உண்டு. நடை நண்பர் ஒருவர் இந்த வருடம் பேரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு ரிமோட் கார் வாங்கினார். பையன் அரை மணி நேரம் ஓட்டினான். பேட்டரி தீர்ந்தது. அவன் அம்மாவின் செல்போனை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். "நம்ம காலத்துல ஒரு ஊதல் வாங்கிக் குடுத்தா ஒரு வருசம் ஊதுனோமேய்யா" என்று அங்கலாய்த்தார். அந்த ஒரு வருடமும் வீட்டிலிருந்தவர்கள் பட்ட பாடு அவருக்கு மறந்துவிட்டது.

எங்கள் காலத்தில் பொம்மை என்றால் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த கூட்டத்தில் பனையோலைக் கிலுகிலுப்பை, மரச்சொப்பு, பலூன், ஊதல் வாங்கினால் உண்டு. கொஞ்சம் வசதி இருந்தால் நடைவண்டி. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்துக்குள் தையற்காரர்கள், பாத்திரக் கடைகள், புத்தகக் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு அது நல்லதுதான். எனக்குத்தான் கால்கள் இன்னும் பழைய இடத்துக்கே போகின்றன.

ஆனால் என் அப்பத்தா எனக்குக் கொடுத்தது பொம்மை அல்ல, ஆடு.

செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் ஊர். 1965, எனக்கு ஏழு வயது. அப்பத்தாவின் வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. அதில் கறுப்புப் பெட்டைக் குட்டியைக் காட்டி, "அய்யா, இது ஒனக்கு" என்றாள். அவ்வளவுதான். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை. ஆனால் அன்றிலிருந்து அதை யாரும் 'குட்டி' என்று சொல்லவில்லை. 'அய்யா ஆடு' என்றே பெயர். அது போட்ட குட்டிகளும் 'அய்யா ஆடு'தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் குழை ஒடித்துப் போட வேண்டும். போடாவிட்டால் அப்பத்தா ஒன்றும் சொல்ல மாட்டாள், ஆடு சொல்லும். கிடாய்களை அவ்வப்போது விற்றுவிடுவார்கள், பெட்டைகளை நிறுத்திக்கொள்வார்கள். ஒரு முறை நோய் வந்து நான்கு ஆடுகள் ஒரே வாரத்தில் போயின. மிச்சமிருந்தது மறுபடி பெருகியது. 1974இல் நான் பி.யு.சி. படிக்க மதுரைக்கு வந்தபோது, ஐந்து உருப்படிகளைத் திருமங்கலம் ஆட்டுச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்றுத்தான் முதல் வருடச் செலவுக்குப் பணம் வந்தது. பின்னாளில் வங்கியில் உட்கார்ந்து கூட்டுவட்டி என்று எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அதை முதலில் எனக்குச் சொல்லித் தந்தது அந்தக் கறுப்பு ஆடு.

எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் முன்னாலேயே ஒரு பரிசு உண்டு. பேர். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, பெயர்த்தி பேத்தியானாள். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்பதுதான் பொருள். அதிலும் ஒரு வேடிக்கை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே பெற்ற பிள்ளையை அவள் 'ராசா', 'சாமி' என்றுதான் கூப்பிடுவாள். எனக்கும் என் தாத்தா பெயர்தான். என் அம்மா அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது பெயர் கேட்ட வாத்தியாரிடம் பக்கத்தில் நின்ற என் சித்தப்பாவைச் சொல்லச் சொன்னாராம்.

இப்போது பெயர்களை இணையத்தில் தேடி வைக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் பேத்தியின் பெயரை உச்சரிக்க மட்டும் எனக்கு ஆறு மாதம் ஆனது.

வங்கியில் நான் கடைசி மூன்று வருடம் இருந்த கிளையில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்க வருவோரில் பாதிப்பேர் தாத்தா பாட்டிகள். 2015 ஜனவரியில் திட்டம் வந்தது. அப்போது வட்டி 9.1 சதவீதம். பூக்கட்டி விற்கிற ஒரு அம்மா ஒருநாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பத்தும் இருபதுமாக ஆயிரம் ரூபாயை எண்ணி வைத்தார். அப்போது தொடங்க ஆயிரம் வேண்டும். 2018இல்தான் அதை 250 ஆக்கினார்கள். "பேத்தி பேருல போடணும் சார்" என்றார். "அம்மா, பிள்ளையின் தாயோ தகப்பனோ வந்து கையெழுத்துப் போட வேண்டும்" என்றேன். அவருக்குக் கோபம். "காசு என்னோடது, கையெழுத்து மட்டும் அவளோடதா?" மறுநாள் மகளை இழுத்துக்கொண்டு வந்தார். எத்தனை வருடத்தில் முடியும் என்று கேட்டார். 21 வருடம் என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அதுவரைக்கும் நான் எங்கே" என்று சிரித்தார். ஆனாலும் மாதாமாதம் நூறு, இருநூறு என்று கட்ட அவரேதான் வருவார், மகள் அல்ல.

அந்தக் கையெழுத்து விஷயம் சின்னதல்ல. சில இடங்களில் தாத்தா பாட்டியையே காப்பாளராகப் போட்டுக் கணக்குத் தொடங்கியிருந்தார்கள். அப்படிப்பட்ட கணக்குகளில், சட்டப்படியான காப்பாளராக இல்லாத தாத்தா பாட்டியின் பெயரை எடுத்துவிட்டுப் பெற்றோர் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று 2024 அக்டோபர் 1 முதல் விதி கொண்டுவந்தார்கள். இதைப் படிக்கிற யாராவது அப்படித் தொடங்கியிருந்து இன்னும் மாற்றாமல் இருந்தால், பாஸ்புத்தகத்தோடு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண் பிள்ளைகளுக்குத்தான் கணக்கு. இரட்டைப் பிள்ளைகள் என்றால் விலக்கு உண்டு. அம்மா ஒன்று, அம்மாச்சி ஒன்று என்று ஒரே பிள்ளைக்கு இரண்டு வைக்க முடியாது.

கணக்கு பெற்றோர் கையில் இருந்தாலும் பணத்தை நாம் கட்டலாம். பிள்ளைக்குப் பத்து வயது ஆவதற்குள் தொடங்க வேண்டும். 15 வருடம் கட்ட வேண்டும். 21ஆம் வருடம் கைக்கு வரும். 18 வயதுக்கு மேல் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். 2024 ஜனவரியில் வட்டியை 8.2 சதவீதம் ஆக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு இதைப் பார்த்து அறிவிக்கும். அந்த வட்டியே நிலைத்தால், மாதம் ஆயிரம் வீதம் மொத்தம் 1,80,000 கட்டியவருக்கு முடிவில் சுமார் ஐந்தரை லட்சம் வரும். ஒரு சின்ன விவரம்: ஐந்தாம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி. பென்ஷன் மாதக் கடைசியில் வந்துவிடுகிறது. நமக்குச் சாக்கு இல்லை. பேரனுக்கு என்றால் பொன்மகன் பொது வைப்பு நிதி இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கிற பணத்துக்கு, தொகை எவ்வளவு ஆனாலும், வருமான வரி கிடையாது. ஆனால் அதை சாதாரண வைப்புத்தொகையாகப் போட்டால், மைனர் பிள்ளையின் வட்டி பெற்றோர் வருமானத்தோடு சேரும். இந்த இரண்டு திட்டங்களிலும் வட்டிக்கு வரி இல்லை.

இவ்வளவு எழுதிவிட்டு எங்கள் வீட்டுக் கதையை எழுதாமல் விட்டால் என் மனைவி கேட்பாள். எழுதுவதற்கு முன் மாப்பிள்ளையிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "எழுதுங்க மாமா, ஊருக்கே தெரிஞ்சதுதானே" என்றார்.

மாப்பிள்ளை திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தையல் மெஷின்கள் போட்டு நடத்துகிறார். உழைப்பாளி. மூன்று வருடமாகத் தொழில் சரியில்லை, கடன் ஏறிவிட்டது. எங்களுக்கு ஒரே மகள், ஒரே பேத்தி. விளாங்குடியில் மூன்று சென்டில் என் பெயரில் ஒரு வீடு. மகள் பெயருக்கு அது போனால் கடனுக்கு அடமானம் போய்விடும் என்பது மனைவியின் பயம். ஆகவே, இப்போதே பேத்தி பெயருக்கு தான செட்டில்மெண்ட் எழுதிவிடுங்கள் என்று போன தீபாவளியிலிருந்து ஒரே பேச்சு.

அவள் சொல்வதில் சட்டப்படி நியாயம் இருக்கிறது. மைனர் பிள்ளையின் வீட்டை, பெற்ற தாய் தகப்பனே ஆனாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது; 1956ஆம் வருடத்து இந்து மைனர், காப்பாளர் சட்டம் அப்படி. மாப்பிள்ளைக்குக் கடன் கொடுத்தவர்களும் அதைத் தொட முடியாது. பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால் நாங்களும் வெளியே நிற்போமே! செட்டில்மெண்ட் பதிவு செய்த அன்றே வீடு அவளுடையது. ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையை எழுதி வைத்துக்கொள்ளலாம், சரி. நாளை எனக்கோ அவளுக்கோ ஒரு பெரிய ஆபரேஷன் என்றால் விற்பதற்கு வேறு என்ன இருக்கிறது?

2007ஆம் வருடத்து மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறதே என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல சட்டம். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கலாம். எங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யவும் வழி இருக்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவர் மகனுக்குக் கொடுத்த தானப் பத்திரத்தை அப்படித்தான் ரத்து செய்தது. ஆனால் அந்தச் சட்டம் மைனரைப் பிள்ளைகள் கணக்கில் சேர்க்கவில்லை. என் பேத்திக்குப் பத்து வயது. அவள் என்னைக் கவனிக்கவில்லை என்று கோட்டாட்சியர் முன் போய் நிற்கவா?

உயில் எழுதலாம் என்றேன். பேத்திக்கே எழுதுவோம், நான் உயிரோடு இருக்கும் வரை மாற்றலாம், தேவைப்பட்டால் வீட்டையே விற்கலாம். மனைவி ஒப்பவில்லை. "மாத்தலாம்கிறதுதானே எனக்குப் பயமே. நாளைக்கு மக அழுதா நீங்க மாத்திருவீங்க" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "கையால குடுக்கணும்ங்க. செத்த பெறகு குடுக்கறது குடுக்கிறதா?" என்றாள். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை.

இதற்கிடையில் பேத்தி வந்து இருபது நாள் இருந்துவிட்டுப் போனாள். நான் ஒரு பொம்மையும் வாங்கவில்லை. விளாச்சேரிக்குக் கூட்டிப்போனேன். கொலுப் பொம்மைகளும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் செய்கிற ஊர். சாயம் பூசிய பொம்மைகளை விட்டுவிட்டு, காயவைத்திருந்த களிமண் யானையைத்தான் கேட்டாள். கொடுத்தவர் அதற்குக் காசு வாங்கவில்லை. கீழடி அருங்காட்சியகத்துக்கும் போனோம். 2023 மார்ச்சில் திறந்தது. மதுரையிலிருந்து அரை மணி நேரம். நகைகளையும் பானைகளையும் வேகமாகத் தாண்டியவள், வட்டமான சுடுமண் சில்லுகளின் முன் நின்றுவிட்டாள். பக்கத்தில் ஆட்டக்காய்களும் பகடையும். "இது பாண்டி விளையாடுற சில்லுதானே தாத்தா?" என்றாள். அவளுக்குப் பாண்டி தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மாச்சி மொட்டை மாடியில் கோடு போட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலங்களில் பல்லாங்குழி. பதினான்கு குழிக்கும் ஐந்தைந்து புளியங்கொட்டை. குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு'. மூன்று நாளில் என்னைத் தோற்கடித்தாள். அம்மாச்சியை மட்டும் கடைசி வரை முடியவில்லை. போகும்போது பலகையைக் கேட்டாள். அது என் மாமியார் மனைவிக்குக் கொடுத்தது. மனைவி ஒரு வார்த்தை பேசாமல் புளியங்கொட்டைகளைச் சுருக்குப் பையில் கட்டி, பலகையோடு சேர்த்துப் பேத்தியின் கையில் கொடுத்தாள்.

அன்று இரவுதான் உயிலுக்குச் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு. அவளுடைய இரண்டு பவுன் சங்கிலியை, பேத்தி பெரியவளாகும்போது, அவளே கையால் போடுவாள். அதை உயிலில் எழுதக் கூடாது. போன வாரம் எழுதி முடித்தோம். உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும். ஆனாலும் பதிவு செய்துவிட்டேன், மனைவிக்காக. சாட்சிகளில் ஒருவர் அந்த ரிமோட் கார் நண்பர். கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுத என்ன செலவாயிற்று என்று கேட்டார். அவருக்கு ஏழு பேரப்பிள்ளைகள், ஒரு வீடு.