குழு மாறலாமா?

ஓசூரில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு வீடு மாறுவது ஒன்றும் புதிதல்ல. டிவிஎஸ், டைட்டன், அசோக் லேலண்ட் என்று வேலைக்கு வந்தவர்களில் பலர் நாலைந்து வீடாவது பார்த்திருப்பார்கள். சாமானை வண்டியில் ஏற்றினால் வேலை முடிந்தது. ஆனால் நூற்றுக்கணக்கானோர் பேசிப் பழகிய ஒரு வாட்ஸப் குழு இடம் மாறுவது அவ்வளவு சுலபமா?

இந்தப் பேச்சு அடிக்கடி கிளம்புவதுதான். 2021 ஜனவரியில் வாட்ஸப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாகச் சொன்னதும் பலர் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் ஓடினார்கள். 2025 செப்டம்பர் கடைசியில் ஸோஹோவின் 'அரட்டை'க்கு ஒரு கூட்டம் போனது. இரண்டு முறையும் பலர் புது இடத்தில் கணக்கைத் தொடங்கிவிட்டு, பேசுவதற்குப் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். காரணம் எளிது. பேச வேண்டிய ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள்!

அதற்காக மாறவே கூடாது என்றும் சொல்ல முடியாது. வாட்ஸப் குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர முடியாது. டெலிகிராமில் 2 லட்சம் பேர் வரை சேரலாம். அங்கே தொலைபேசி எண்ணை மறைத்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த குழுவில் பெண்களுக்கு இது சின்ன விஷயமா? ஆனால் வாட்ஸப்பில் உள்ள முழு மறையாக்கம் டெலிகிராம் குழுக்களுக்குக் கிடையாது. ஒன்றைப் பெற்றால் ஒன்றை விடத்தான் வேண்டும்.

மாறாமலே இருப்பதிலும் ஆபத்து உண்டு. மரத்தடி, ராயர் காபி கிளப், அகத்தியர் போன்ற குழுக்களில் தமிழர்கள் எழுதிக் குவித்ததெல்லாம் யாஹூவில்தான். 2019 அக்டோபரில் பழைய மடல்களை நீக்கப்போவதாக அறிவித்த யாஹூ, 2020 டிசம்பர் 15-ஆம் தேதி அந்தச் சேவையையே மூடிவிட்டது. ஆர்குட் 2014-இலும், கூகுள் பிளஸ் 2019-இலும் போய்ச் சேர்ந்தன. முன்கூட்டியே எடுத்து வைத்தவை பிழைத்தன, மற்றவை பெரும்பாலும் போயின. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் குடியிருப்பவர் என்ன செய்ய முடியும்?

ஆக, எந்தச் செயலி சிறந்தது என்பதல்ல முதல் கேள்வி. யார் பின்தங்கிப் போவார்கள் என்பதுதான். தளி பக்கம் ரோஜா பயிரிடும் ஒரு விவசாயி, குரல் பதிவில் விலை கேட்க இப்போதுதான் பழகியிருப்பார். கல்லூரி மாணவருக்கு இன்னொரு செயலி என்பது ஒரு நிமிட வேலை, அவருக்கு அப்படியில்லை. பாதிப்பேர் போய்ப் பாதிப்பேர் தங்கினால், கேள்வி ஒரு குழுவிலும் பதில் தெரிந்தவர் இன்னொரு குழுவிலும் இருப்பார்கள். இரண்டுமே பாழ்!

மாறியே தீரவேண்டும் என்றால் அட்மின் மட்டும் முடிவெடுக்காமல் எல்லோரையும் கேட்கட்டும். பயனுள்ள பழைய பதில்களை முதலில் தனியாகச் சேமிக்கட்டும். இரண்டு குழுவையும் சில மாதமாவது சேர்த்து நடத்தட்டும். தெரியாதவர் போனில் செயலியை ஏற்றிக்கொடுக்க ஆளுக்கு ஒருவர் பொறுப்பேற்கட்டும். அதற்கு யாரும் முன்வரவில்லை என்றால், இருக்கிற இடமே போதும்.

உங்கள் குழுவில் முதலில் தொலைந்துபோகக்கூடியவர் யார்? யோசித்துப் பாருங்கள் நண்பர்களே.