அரைக்கால் சுற்று

வடலூருக்குப் போகும்போதெல்லாம் சத்திய ஞானசபையை ஒருமுறை சுற்றி வருவது என் வழக்கம். 1872 தைப்பூசத்தில் வள்ளலார் தொடங்கிவைத்த எண்கோணச் சபை. எட்டு முறை திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடலாம். இம்முறை கூட வந்த நண்பர் கணக்கு வாத்தியார். "இதே எட்டை மரத்துல எடுக்கிற ஒருத்தர் இருக்கார், பார்க்கிறீங்களா?" என்று சேத்தியாத்தோப்பு சாலைப் பக்கம் ஒரு சந்துக்குள் கூட்டிப்போனார்.

தகரக் கொட்டகை. தரையெல்லாம் பலாமரச் சீவல், மஞ்சளாக. ஆசாரிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். திண்ணை வீடு ஒன்றுக்கு எட்டுப்பட்டைத் தூண்கள் செய்துகொண்டிருந்தார். இழைப்புளி ஓட்டியதையும் பொருத்து வெட்டியதையும் வெகுநேரம் விளக்கினார். என் கண்ணோ பக்கத்தில் கிடந்த கவராயத்தை விட்டு நகரவில்லை. அவருடைய அப்பா கொல்லுப்பட்டறையில் சொல்லி அடித்து வாங்கிய இரும்புக் கவராயம். தேய்ந்து தேய்ந்து ஒரு கால் குட்டையாகிவிட்டது. விரித்த கால் நழுவாமலிருக்க, மூட்டில் செருப்புத் தோல் துண்டு ஒன்றைச் செருகியிருந்தார். பதினோரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட அன்று அப்பா இதைக் கையில் கொடுத்தாராம்.

அக்கா மகன் ஒருவன் அவரிடம் தொழில் பழகுகிறான். தூண் பீடத்துக்கு 14 அங்குலச் சதுரப் பலகையில் மாதிரி வெட்டியிருந்தான். ஒவ்வொரு பக்கத்தையும் 4, 6, 4 என்று பிரித்து மூலைகளைச் சீவியிருந்தான். "எட்டும் வந்துடுச்சு மாமா."

ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை. மாதிரியைத் தரைப்பலகைமேல் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்தார். ஒரு மூலைக்குச் சிவப்புச் சாக்கட்டி வைத்து, நடுவில் ஆணியைப் பிடித்துக்கொண்டு கால் சுற்று திருப்பினார். கோட்டில் அப்படியே உட்கார்ந்தது. பையன் முகம் மலர்ந்தது. பழையபடி வைத்து, இப்போது ஒரே ஒரு மூலை தள்ளித் திருப்பினார். நாலு பக்கம் கோட்டைத் தாண்டி வெளியே நின்றது, நாலு பக்கம் உள்ளே போனது. உள்ளே போன இடத்தில் பென்சில் கோட்டுக்கும் மரத்துக்கும் நடுவே கட்டைவிரல் நகத்தை வைத்துக் காட்டினார்.

"கால் சுத்துக்கு ஒத்து வந்தா சதுரத்துக்குப் போதும்டா. அரைக்கால் சுத்துக்கு ஒத்து வரணும், அதுதான் எட்டுப்பட்டை."

நண்பர் கணக்கிட்டுப் பார்த்தார். நேர்ப்பக்கம் 6 அங்குலம், சாய்ந்த பக்கம் 5.66 தான். ஒழுங்கு வடிவம் எவ்வளவு திருப்பினால் ஒத்து வரும் என்று பார்க்க, பள்ளிக்கூடத்தில் அவர் 360-ஐப் பக்க எண்ணால் வகுக்கச் சொல்லித் தருகிறார்: முக்கோணத்துக்கு 120 பாகை, ஐங்கோணத்துக்கு 72, அறுகோணத்துக்கு 60, எண்கோணத்துக்கு 45. அரைக்கால் என்றாலே எட்டில் ஒன்று. பாகைமானியே இல்லாத இந்தக் கொட்டகையில் 45-க்கு ஒரு பெயர் தயாராக இருக்கிறது!

நண்பருக்கு ஆசை விடவில்லை. "காலே அரைக்கால் சுத்து திருப்பினா சிவப்பு மூலை எங்க போகும்?"

"வலஞ்சுழியா, இடஞ்சுழியா?" என்று திருப்பிக் கேட்டார் ஆசாரி. வலப்பக்கம் என்றால் மூன்றாவது மூலை. அதே இடத்துக்கு இடப்பக்கமாகப் போக ஐந்து மூலை தாண்ட வேண்டும். நான் படித்த வகுப்பில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. திசை சொல்லாமல் கோணம் மட்டும் கொடுத்தால் மரம் வீணாகும் என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு புதுப் பலகையில் கவராயத்தை வைத்தார். மூலைவிட்டங்கள் இரண்டையும் இழுத்து, மூலையிலிருந்து நடுப்புள்ளி வரை காலை விரித்து, அந்த விரிப்பு மாறாமல் மூலைக்கு மூலை வைத்துப் பக்கங்களில் கீறினார். எட்டுக் கீறல். சேர்த்தால் எல்லாப் பக்கமும் 5.8 அங்குலம். டேப்பைத் தொடவே இல்லை.

இந்தத் தூண்களை வாங்கிப் போகிற வியாபாரி, சாயம் தேய்த்துப் பழைய செட்டிநாட்டுத் தூண் என்று விற்கிறாராம். சொல்லும்போது ஆசாரி குரலை உயர்த்தவில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை. நகக்கண் அளவுப் பிழைக்காகப் பலகையை ஒதுக்கிவிடுகிறவர் கையில் நாள் கூலிதான் நிற்கிறது. எங்கோ செத்துப்போன ஒருவரின் வேலை என்று பொய் சொன்னால்தான் உயிரோடிருப்பவரின் வேலைக்கு விலை கிடைக்குமா? வாங்குகிறவர்கள் ஒருமுறை இந்தச் சந்துக்குள் வந்து கேட்கலாமே.

பையன் புது மாதிரியை வெட்டி முடித்தான். சிவப்பு மூலையை ஒவ்வொன்றாகத் தள்ளித் திருப்பினான். ஓரிடத்திலும் நகம் நுழையவில்லை. எட்டாவது திருப்பில் சிவப்பு பழைய இடத்துக்கு வந்தது. ஆசாரி தலையாட்டிவிட்டு அடுத்த கட்டையை இழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை வண்டி வரும். இன்னும் மூன்று தூண் பாக்கி.