சிபிஐ கோர்ட்டில் ஒரு சாட்சி

போன மாதம் மும்பையில் சிபிஐ கோர்ட் படியேறினேன். பயப்படாதீங்க, சாட்சியாகத்தான்! பழைய கிளையில் நடந்த கடன் மோசடி வழக்கு.

அமெரிக்காவில் மத்திய அரசு வழக்குகளுக்கென்றே 94 ஃபெடரல் மாவட்ட கோர்ட்டுகள் தனியாக இருக்கின்றன. இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை. வழக்கைக் கொண்டுவருவதுதான் சிபிஐ. 1988-ம் வருட ஊழல் தடுப்புச் சட்டப்படி விசாரிக்கும் சிறப்பு நீதிபதி, நம்ம செஷன்ஸ் கோர்ட் நீதிபதிதான். அப்பீலும் பம்பாய் ஹைகோர்ட்டுக்கே.

லெட்ஜரைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. 1891-ம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. வங்கி சான்றிட்ட நகலே போதும்.

"இது யார் கையெழுத்து?" என்றார் சிபிஐ வக்கீல்.

என் முதல் மேனேஜருடையது. ஊர் விட்டு வந்த புதிதில் வீட்டுக்குக் கூப்பிட்டு ரசம் சாதம் போட்டவர். எதிரே கூண்டில் நின்றார்.

"அவருடையதுதான் சார்."

அவர் நல்லவரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிறைய சொல்லியிருப்பேன். சாட்சிக்கு அந்த வேலை இல்லை, தீர்ப்பு நீதிபதியுடையது.

வெளியே வராந்தாவில், "அம்மா சௌக்கியமாப்பா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

வங்கி நண்பர்களே, கையெழுத்துப் போடுமுன் ஒருதடவை முழுசாகப் படித்துவிடுங்கள்.