கிளட்ச் இல்லாத காடி

அப்பாவின் பிக்-அப் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது யாரோ பின்னாலிருந்து இடிப்பதுபோல் ஒரு உதறல் கொடுக்கும். எனக்கு அது தெரியவந்ததே ஒரு சனிக்கிழமை கூடப் போனபோதுதான். வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் சிம்பாங் பூலாய் மலைப்பாதையில் ஏறி, கம்போங் ராஜாவில் காய்கறி ஏற்றிக்கொண்டு, ஈப்போ பசார்களில் இறக்குவது அவர் தொழில்.

"எத்தன நாளாப்பா இப்படி?"

"அது அப்படித்தான் பாப்பா. சூடானா செய்யும். ஆறுனா சரியாயிடும்."

பட்டறைக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த அங்கிள் கியர் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மூக்கருகில் கொண்டுபோனார். எண்ணெய் கோப்பி-ஓ நிறத்தில் இருந்தது. தீய்ந்த வாடை. "ஜாங்கான் உசிக்," என்றார். தொடாதே. பல வருடம் மாற்றாத எண்ணெயை இப்போது மாற்றினால் கியர் பிடிக்காமலே போய்விடும். அப்புறம் பெட்டியைப் பிரித்துக் கட்ட ஐயாயிரம் வெள்ளியாவது ஆகும் என்றார். அப்பா நிம்மதியாகத் தலையாட்டினார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதுதான் அவருக்கு எப்போதும் பிடித்த வைத்தியம்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு வாரம் படித்தேன். அப்பா இருபத்திரண்டு வருடம் கியர் போட்டு லோரி ஓட்டியவர். இடது முட்டி தேய்ந்து, கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபோதுதான் இந்த ஆட்டோ பிக்-அப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். "இதுல கிளட்சே இல்ல, தொல்லை விட்டுச்சு" என்பார். படிக்கப் படிக்கத்தான் அது தவறு என்று புரிந்தது. ஆட்டோ கியர் பெட்டிக்குள் கிளட்ச் இருக்கிறது, அதுவும் ஒன்றல்ல, அடுக்கடுக்காக. எண்ணெயில் ஊறிய தட்டுகள். அவற்றை அழுத்திப் பிடிக்கும் காலும் அதே எண்ணெய்தான். பம்ப் கொடுக்கும் அழுத்தத்தில் அது சின்னச் சின்ன வழிகளில் ஓடி, எந்தக் கிளட்ச் எப்போது பிடிக்க வேண்டுமோ அப்போது மிதிக்கிறது.

வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் விட வேண்டும். இந்த இரட்டை வேலை எல்லா எண்ணெய்க்கும் வராது. 1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ரா-மேட்டிக் என்ற ஆட்டோ கியரை அறிமுகப்படுத்தியது. பிறகு பல வருடங்கள் இந்த எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலக் கொழுப்பைக் கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்தபோது வேதியியலாளர்கள் மாற்று தேடி அலைய வேண்டியிருந்தது. மலையேற்றமும் பாரமும் சேர்ந்தால் எண்ணெய் கொதிக்கும். கொதித்துக் கொதித்து அது தன் குணத்தை இழக்கும்.

அங்கிள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தேய்ந்த தட்டுகளின் தூள் பழைய எண்ணெயில் மிதந்து, அதுவே கொஞ்சம் பிடிமானம் தருகிறது என்பார்கள். ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்த பெட்டிக்குப் புது எண்ணெய் மேல் பழி போடுவதும் உண்டு. எங்கள் பெட்டி எந்த நிலையில் இருக்கிறது? திறந்தால்தான் தெரியும். மெஷின் வைத்து முழுக்கக் கழுவாமல், அடித்தட்டை இறக்கி, விழுவதை மட்டும் மாற்றுவது என்று முடிவெடுத்தேன். பாதிக்கு மேல் பழசு டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். தங்கட்டும்.

கடைசியாக எப்போது மாற்றினார் என்று பார்க்க டேஷ்போர்டிலிருந்த 555 நோட்டை எடுத்தேன். அப்பா எல்லாவற்றையும் அதில் எழுதுவார். இன்ஜின் ஆயில், பிரேக், டயர், தேதி, கிலோமீட்டர். கியர் ஆயில் என்று ஒரு வரிகூட இல்லை. கடைசிப் பக்கத்தில் மடித்து ஒரு அட்டை இருந்தது. ஆஸ்பத்திரியின் எலும்பு கிளினிக், முட்டிக்கு. தேதி போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. போகவே இல்லை. நான் ஒன்றும் கேட்காமல் திரும்ப வைத்தேன்.

ஞாயிறு காலை. கொஞ்ச தூரம் ஓட்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்கி, சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். பிக்-அப் உயரமென்பதால் ஜேக் வேண்டியிருக்கவில்லை. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். வடிகால் நட்டைக் கழற்றியதும் எண்ணெய் முழங்கைவரை வழிந்தது. பிறகு சுற்றியுள்ள சின்ன போல்ட்டுகள். ஒரு மூலையைத் தாழவிட்டுத்தான் தட்டை இறக்கினேன்.

தட்டுக்குள் காந்தங்கள் இருந்தன. அவற்றில் சாம்பல் நிறத்தில் பசைபோல் இரும்புத் தூள். அப்பாவிடம் நீட்டினேன். விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"சில்லு இருக்கா?"

"இல்லப்பா. மாவாத்தான் இருக்கு."

"அப்ப இன்னும் உசிரு இருக்கு."

பழைய ஃபில்டரை இறக்கிப் புதியதை மாட்டினேன். பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டினேன். இரும்பு பட்டால் அலுமினியம் கீறிவிடும். போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கினேன். "இறுக்காத பாப்பா. அது லோரி நட்டு இல்ல, பிச்சுக்கும்," என்றார். வடிந்ததைத் தண்ணிப் போத்தல்களில் அளந்தேன். கிட்டத்தட்ட மூன்று ஒன்றரை லிட்டர் போத்தல்கள். அதே அளவு புது எண்ணெய், சிராப் தண்ணிபோல் சிவப்பாக, டிப்ஸ்டிக் குழாய் வழியே போனது. இன்ஜின் ஓட, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டு எடுத்து, மறுபடி அளவு பார்த்தேன். பழசை லோங்காங்கில் ஊற்றாமல் பட்டறையின் தோம்பில் சேர்த்தோம். அங்கிள் போத்தல்களைப் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை.

திங்கள் விடியலில் நானும் மலையேறினேன். முதல் ஏற்றத்தில் இரண்டு, மூன்று. உதறல் இருந்தது. ஆனால் முன்போல் இடியாக இல்லை. அப்பா ஸ்டியரிங்கைத் தட்டினார்.

"இன்னொரு தடவ எப்ப மாத்தணும்?"

"அஞ்சாயிரம் ஓடட்டும்பா. மறுபடி பாதி மாத்துவோம். கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

கம்போங் ராஜாவில் கோபிஸ் ஏற்றும்போது 555 நோட்டில் முதன்முதலாக 'கியர் ஆயில், ஃபில்டர்' என்று எழுதினேன். பிறகு அந்த அட்டையை எடுத்து அவர் முன் வைத்தேன்.

"இதுவும் சூடானா செய்யும், ஆறுனா சரியாயிடுமா?"

அவர் முட்டைக்கோசுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "வியாழக்கெழம எனக்கு லோட் இல்ல," என்றார்.