மூலைமட்டம்

நூலடுக்கொன்று செய்ய முனைந்தோம். நமது மின்வாளின் முள் பூச்சியத்திலேயே நின்றது. ஆயினும் தட்டுகள் மூலைக்கு மூலை வாய்பிளந்தன. பலகை கோணலென்று, அதனைச் சீவித்தந்த முதிய ஆசாரியாரைக் கடிந்துகொண்டோம்.

அவர் மறுமொழி கூறாது துண்டுப்பலகையொன்றை அவ்வாளில் அறுத்தார். ஒரு பாதியை மட்டும் அடிப்புறம் மேலாகப் புரட்டி, இரண்டையும் வாளின் முதுகுத்தடுப்பிற் சாய்த்து, அறுத்த முகங்களைச் சேர்த்தார். இடையே வெளிச்சம் தெரிந்தது.

"வாத்தியார், இது வாளின் பிழை, இரண்டு மடங்காய்த் தெரிகிறது."

அரைப் பாகை பிசகினால் 100 மில்லிமீற்றர் அகலத்தில் ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர் விலகும். புரட்டிச் சேர்த்தால் இடைவெளி 1.7க்கு மேல். (கணிதம் கற்பிக்கும் நமக்கு இது தோன்றவில்லை!)

மின்தொடுப்பை நீக்கினார்; தடுப்பின் திருகாணிகளைத் தளர்த்தினார்; மூலைமட்டத்தைப் பற்களில் முட்டாது வாளின் தகட்டோடு அணைத்துத் தடுப்பைத் திருத்தி இறுக்கினார். மீண்டும் அறுத்துப் புரட்டினார். வெளிச்சம் மறைந்தது.

மன்னிப்புக் கேட்க நாவெழவில்லை. உள்ளே சென்று தேநீர் கொணர்ந்தோம்.